எஃப் கீயில் ஒரு பொட்டு

போன வாரம் ஓர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

கோயில் இல்லை. கம்ப்யூட்டர் ரூம்.

ஆமாம், சங்கரன்கோவிலுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., ஜன்னலுக்குத் திரை, வாசலில் 'காலணிகளுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு. அதற்குத் தூசி ஆகாதாம். நாள் முழுக்கத் தறியும் பஸ்ஸும் புழுதி கிளப்புகிற ஊரில், தூசி ஆகாத ஒரு ஜீவன் குடிவந்திருக்கிறது! வந்த அன்றைக்கே தேங்காய் உடைத்து, கம்ப்யூட்டர் திரைக்கு மேலே சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார்கள். நம் ஆட்களைச் சொல்ல வேண்டுமா?

என்னை அழைத்துப் போனது கோமதி அக்கா. அந்த ஆபீஸில் சீனியர் டைப்பிஸ்ட். இனிமேல் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பில்தான். மெட்ராஸிலிருந்து ஓர் இளம் எஞ்சினியர் வந்து நான்கு நாளாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"இங்கன வந்து உக்காரு. கண்ண மூடு" என்றார் அக்கா.

"எதுக்கு?"

"மூடுட்டின்னா மூடு. ரெண்டு கையையும் நடு வரிசையில வையி."

வைத்தேன். விரல்களை மெல்ல நகர்த்தினேன். என்னவோ தட்டுப்பட்டது... எள் அளவுக்கு ஒரு சின்ன மேடு. இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஒன்று. வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில் இன்னொன்று. கண்ணைத் திறந்து பார்த்தால் — எஃப், ஜே.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அந்த எஞ்சினியர் பதறிப்போய் ஓடி வந்தார், மெஷினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குத்தான் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது.

ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற பெண்ணை ஊர் சும்மா விடுமா? "டைப்பாவது படிக்கட்டுமே" என்றார்கள். டிகிரி முடித்தவர், பத்தாவது தேறியவர், தேறாதவர், மாப்பிள்ளை வரக் காத்திருப்பவர் — எல்லோரும் கடைசியில் வந்து சேருகிற இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தானே?

எங்கள் இன்ஸ்டிட்யூட் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. பன்னிரண்டு மெஷின். பத்து மணிக்கு லேடீஸ் பேட்ச். நடத்தியவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. கையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல். அது அடிக்க அல்ல, மேசையில் தட்ட. அண்ணாச்சிக்கு ஒரே ஒரு கொள்கைதான்: கீயைப் பார்க்கக் கூடாது. யாராவது குனிந்தால் போதும், 'படீர்' என்று சத்தம் வரும்.

"கண்ணு பேப்பர்ல இருக்கணும், விரலு கீயில இருக்கணும். கீயப் பாத்து அடிக்கதுக்கு எங்கிட்ட எதுக்கு வாரிய?"

டைப்பில் விரல்களுக்கு ஒரு வீடு உண்டு. நடு வரிசைதான் வீடு. இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப். வலது கைக்கு ஜே, கே, எல், அதற்குப் பக்கத்தில் அரைப்புள்ளி. எந்த விரல் எங்கே போய் எந்த எழுத்தை அடித்தாலும் உடனே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

எனக்குப் பக்கத்து மெஷினில்தான் கோமதி அக்கா. எங்கள் ஊரில் தெருவில் நின்று 'கோமதி' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நாலு பேரிலும் அதிகம் சிரிக்காதவர் இவராகத்தான் இருப்பார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. கணவர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். மஞ்சள் காமாலை வந்து பதினைந்தே நாளில் போய்விட்டார். அக்காவின் நெற்றியில் அன்றைக்கு எடுத்த பொட்டுதான், அப்புறம் வைக்கவில்லை.

கணவரின் ஆபீஸில் கருணை அடிப்படையில் வேலை தருகிறோம் என்றார்கள். ஆனால் காலியாக இருந்தது டைப்பிஸ்ட் இடம். இங்கிலீஷ் டைப்பில் லோயர் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். கெடு ஒரு வருஷம். முதல் பரீட்சையில் அக்கா ஃபெயில். கெடுவுக்குள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சை. அதுவும் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ. வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும்தான். சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

சரி, ஏன் ஃபெயில்? வேகம் இல்லையா? எங்கள் பேட்சிலேயே வேகமான கை அவருடையதுதான். மழை மாதிரி அடிப்பார். அடித்து முடித்துப் பேப்பரை உருவினால்... பாதி வரிகள் சரியாக இருக்கும். மீதி வரிகள் எந்த நாட்டு மொழி என்றே தெரியாது.

காரணம் அந்த லீவர். டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்ததும் 'டிங்' என்று மணி அடிக்கும். உடனே இடது கையை எடுத்து, மேலே இருக்கிற லீவரைத் தள்ளி, அடுத்த வரிக்குப் போக வேண்டும். வலது கை வீட்டிலேயே இருக்கும். இடது கை மட்டும் வெளியூர் போய்த் திரும்ப வேண்டும், அதுவும் கண்ணால் பார்க்காமல். அக்காவின் கை திரும்பி வரும்போது ஒரு கீ தள்ளி உட்கார்ந்துவிடும். ஏயில் இருக்க வேண்டிய விரல் எஸ்ஸில், எஸ்ஸில் இருக்க வேண்டியது டியில். அப்புறம் அந்த வரி முழுக்க இடது கை அடிக்கிற எழுத்தெல்லாம் தப்பு. அடிக்கிறவருக்குத் தெரியாது. சத்தத்தை வைத்தே எல்லாம் கண்டுபிடிக்கிற அண்ணாச்சிக்கும் தெரியாது. தப்பான கீக்கும் சரியான கீக்கும் சத்தம் ஒன்றுதானே?

"நல்லாத்தான வருது, நல்லாத்தான வருது" என்று பின்னால் நின்று தலையாட்டுவார் அண்ணாச்சி. பேப்பரை உருவினதும் தலையில் கை வைப்பார்.

அக்கா அழமாட்டார். அந்தப் பேப்பரை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பேப்பரைச் செருகுவார். எனக்குத்தான் பார்க்கச் சகிக்காது.

அப்போது ஆயுத பூஜை வந்தது.

மெஷின்களை எல்லாம் மண்ணெண்ணெய் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தோம். சந்தனம் குழைத்தாகிவிட்டது. ஒவ்வொருவரும் அவரவர் மெஷினுக்குப் பொட்டு வைக்க வேண்டும். அக்கா மட்டும் ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"எம் மெஷினுக்கும் நீயே வச்சிரு மக்கா" என்றார் என்னிடம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கோபமோ வருத்தமோ, எனக்குக் கை நிதானத்தில் இல்லை. மெஷினின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தால் போதும். நான் பக்கவாட்டில், லீவரில், மேலே, கீழே என்று இஷ்டத்துக்கு அப்பினேன். ஒரு கட்டிச் சந்தனம் கீ மேலேயே விழுந்துவிட்டது. அதற்கும் மேலே குங்குமத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் ஒரு பக்கமாவது அடிக்க வேண்டும் என்பது இன்ஸ்டிட்யூட் வழக்கம். அக்கா அடித்தார். டிங்... லீவர்... டிங்... லீவர். பேப்பரை உருவினார். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். எழுந்து போய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஒரு பக்கம் முழுக்க ஒரு தப்பு இல்லை.

"சாமி காரியம்லா!" என்றார் அண்ணாச்சி, மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டு.

அக்கா மெஷினுக்குத் திரும்பி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கீக்களைத் தடவினார். எஃப் மேல் விரல் நின்றது. காய்ந்து கெட்டியாகிப்போன என் சந்தனம்!

"ஏட்டி, இது தட்டுப்படுத வரைக்கும் கை வீட்டுக்கு வரல. தட்டுப்பட்டா வந்தாச்சு. அம்புட்டுதான்" என்றார்.

எப்பேர்ப்பட்ட விஷயம்! கண்ணால் பார்க்கக் கூடாது என்றால் என்ன, விரலுக்கும் ஒரு கண் கொடுத்துவிட்டால் போயிற்று. நான் ஏதோ பெரிய விஞ்ஞானி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நாலாவது பக்கம் அடிப்பதற்குள் சந்தனம் உதிர்ந்து மெஷினுக்குள் கொட்டிவிட்டது. ஐந்தாவது பக்கத்தில் மறுபடியும் வெளிநாட்டு மொழி.

அதற்கப்புறம் ஒரு மாதம் நாங்கள் செய்த ஆராய்ச்சியை எந்தக் காலேஜும் செய்திருக்காது. மெழுகுவர்த்தியைச் சொட்டினோம், வழுக்கிக்கொண்டு போனது. சைக்கிள் கடையில் பஞ்சர் ரப்பர் வாங்கி ஒட்டினோம். அந்த வாடையில் இரண்டு பெண்கள் லீவு போட்டார்கள். கடைசியில் ஒருநாள் அக்கா பையைத் திறந்து, ஒரு காகித அட்டையை எடுத்தார். ஸ்டிக்கர் பொட்டு. நம் பக்கத்துக்கு அது வந்த புதுசு. வெல்வெட் துணியில், சிவப்பாக, வட்ட வட்டமாக. அட்டையில் ஒரே ஒரு இடம் மட்டும் காலி.

"ஆடித்தபசுத் திருவிழாக் கடையில அவிய வாங்கிக் குடுத்தாவ. ஒண்ணுதான் வச்சேன். அதுக்குள்ள..." என்றபடியே ஒரு பொட்டை உரித்து எஃப் கீயில் ஒட்டி அழுத்தினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "யக்கா, அதப் போயி..." என்றேன்.

"நெத்திக்குத்தான் ஆகாதுன்னாவ. எஃப்-க்கு ஆகும்லா?" என்றார்.

வெல்வெட் பொட்டு உதிரவில்லை, வழுக்கவில்லை. விரல் பட்டதுமே தெரிந்தது. அண்ணாச்சிதான் குறுக்கே வந்தார்.

"இது என்னம்மா கூத்து? எழுத்தே தெரியலய!"

"கீயப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய?" என்றார் அக்கா.

அண்ணாச்சி ஸ்கேலை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

பரீட்சை திருநெல்வேலியில், ஒரு பள்ளிக்கூடத்தில். எங்கள் மெஷின்களையே வைக்கோல் போட்டு வேனில் ஏற்றிக் கொண்டுபோனோம். பழகின மெஷினில் அடிப்பதுதான் எல்லோருக்கும் தைரியம். அக்காவின் மெஷினை அண்ணாச்சியே மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு வந்தார். பொட்டு பத்திரமாக இருக்கிறதா என்று வழியில் இரண்டு தடவை துணியை விலக்கிப் பார்த்தது எனக்குத் தெரியும்.

ஹாலில் உட்கார்ந்தோம். மணி அடிக்க ஐந்து நிமிஷம். சூப்பர்வைசர் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வழுக்கைத் தலை, தடிமனான கண்ணாடி. அக்காவின் மேசையில் நின்றார்.

"இது என்னம்மா?"

"பொட்டு சார்."

"பொட்டுன்னு தெரியுது. மெஷின்ல எதுக்கு?"

காப்பி அடிக்க ஏதோ வழி என்று நினைத்து எழுப்பி வெளியே அனுப்பிவிட்டால்? ஒரு வருஷக் கெடு, ஒரே ஒரு பரீட்சை, எல்லாம் இந்தக் கடலை அளவு வெல்வெட்டில் போய்விடுமா?

"விரலு வைக்க அடையாளம் சார்" என்றார் அக்கா மெதுவாக.

சூப்பர்வைசர் யோசித்தார். கெட்ட மனுஷர் இல்லை, பாவம். "இதுக்கு ரூல் இருக்கான்னு எனக்குத் தெரியலைம்மா. இருந்து, நாளைக்கு யாராவது கேட்டா உனக்குத்தான் கஷ்டம். எதுக்கு வம்பு?" என்றபடி குனிந்து, நகத்தால் நெம்பி, பொட்டைப் பிய்த்து எடுத்துவிட்டார்.

எடுத்துவிட்டார், சரி. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை அவருக்கு. பொட்டைக் கீழே போட மனசு வருமா? ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு சிவப்பாக நிற்கிறது. இங்கேயும் அங்கேயும் பார்த்தார்.

"அதக் குடுங்க சார்" என்று அக்கா கையை நீட்டினார்.

வாங்கினார். அவருக்கும் வைக்க இடம் இல்லை. பையை எல்லாம் வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். மேசையில் வைத்தால் மறுபடியும் கேள்வி வரும். சட்டென்று தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்.

மணி அடித்தது.

அந்தப் பத்து நிமிஷத்தில் நான் என்ன அடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கண் முழுக்கப் பக்கத்து மேசையில். டிங் என்று கேட்கும்போதெல்லாம் என் கண் அக்காவின் இடது கையோடு போகும். கை போகிறதே, திரும்ப எங்கே வந்து உட்காரப் போகிறதோ! அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பேப்பரை விட்டுக் கண் அசையவில்லை. நெற்றியில் அந்தச் சிவப்பு வட்டம். எவ்வளவு லட்சணமான முகம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் பிடித்துக்கொண்டேன். "யக்கா, என்ன ஆச்சு? பொட்டு இல்லாம எப்படி அடிச்சிய?"

அக்கா இடது கை விரலை என் கன்னத்தில் வைத்து எடுத்தார். பிசுக்கென்று ஒட்டியது.

"பொட்டத்தான் எடுத்தாரு. பசை பாதி அங்கனயேல்லா இருக்கு! வரிக்கு வரி விரலப் பிடிச்சு 'இங்கன உக்காரு, இங்கன உக்காரு'ங்கு. பேப்பர் பூராச் சரியாத்தான் இருக்கும்ட்டி. எனக்குத் தெரியுது" என்றார். பழகின இத்தனை மாசத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, ஊர் நெருங்க நெருங்க, அக்காவின் கை நெற்றிக்குப் போனது. "எடுத்துரவா?" என்று என்னிடம் கேட்டார். மற்ற பெண்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதாவது காதைத் தீட்டிக்கொண்டு.

"ஒட்டிக்கிட்டதுல்லா? இருந்துட்டுப் போவட்டும்" என்றேன். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

எடுக்கவில்லை.

வீட்டில் மாமியார் கதவைத் திறந்தாராம். நெற்றியைப் பார்த்தாராம். அப்புறம், "பரீட்ச நல்லா எழுதுனியா?" என்று கேட்டாராம். "எழுதுனேன்" என்றதும், "அப்பச் சரி, கையக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றாராம். ஊர் மட்டும் ஒரு வாரம் பேசியது. அப்புறம் முகூர்த்த நாள் வந்து மல்லிகைப் பூ விலை ஏறியது. ஊர் அதைப் பேசப் போய்விட்டது.

ரிசல்ட் வந்தது. அக்கா ஃபர்ஸ்ட் கிளாஸ். நான் ஃபெயில். பக்கத்து மேசையை வேடிக்கை பார்த்தால் வேறு என்ன கிடைக்கும்? இன்றைக்கும் நான் இந்தப் பத்திரிகைப் பத்தியைக் கையால்தான் எழுதுகிறேன். அச்சுக் கோப்பவர் என் கையெழுத்தைப் பார்த்துப் படுகிற பாட்டுக்கு அந்தப் பொட்டுதான் காரணம் என்று அவரிடம் யாராவது சொல்லிவிடுங்கள்.

அண்ணாச்சி கதையும் கேளுங்கள். அடுத்த வாரமே பன்னிரண்டு மெஷினிலும் எஃப் கீயில் ஒரு சொட்டு அரக்கை உருக்கி வைத்துவிட்டு, புதிதாகச் சேருகிறவர்களிடம், "இது நம்ம கண்டுபிடிப்பு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இப்போது கம்ப்யூட்டர் ரூமுக்குத் திரும்புகிறேன்.

"தம்பி, இந்த மேட்ட யாரு மொதல்ல கண்டுபிடிச்சா?" என்று எஞ்சினியரிடம் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "தெரியலையே மேடம். சில கம்ப்யூட்டர்ல நடுவிரலுக்கு இருக்கும், டியிலயும் கேயிலயும். கணக்குப் போடுற மெஷின்ல நடுவுல இருக்குற அஞ்சுல இருக்கும். ஆளாளுக்கு ஒரு இடத்துல வச்சிருக்காங்க. யார் ஆரம்பிச்சாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை."

யாருமே யோசிக்கவில்லை போல. எனக்கென்னவோ, ஒவ்வோர் ஊரிலும் ஒரு கை வழி தவறியிருக்கும், பக்கத்தில் இருந்தவர் கையில் கிடைத்ததை எடுத்து ஒட்டியிருப்பார் என்றுதான் படுகிறது. வீட்டுக்குத் திரும்பத் தெரியாத கை நம் ஊரில் மட்டுமா இருந்திருக்கும்?

"நமக்கு ஒண்ணுதான இருந்துச்சு. இதுல எதுக்கு ரெண்டு?" என்றார் அக்கா.

"இதுல லீவர் இல்லைல்லா யக்கா. ரெண்டு கையும் ஊர் சுத்தும்" என்றேன்.

எஞ்சினியருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. ஆனாலும் மெஷினை விற்ற கம்பெனி ஆள் இல்லையா, விடவில்லை. "இது ஒட்டினது இல்லை மேடம். அச்சுலயே வார்த்தது. எத்தனை வருஷமானாலும் உதிராது. யார் நெனச்சாலும் பிய்க்க முடியாது" என்றார் பெருமையாக.

"அப்படியா தம்பி? ரொம்ப நல்லது" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே, ஏ.சி. காற்றில் லேசாக நகர்ந்திருந்த நெற்றிப் பொட்டை விரலால் அழுத்திச் சரிசெய்துகொண்டார். சிவப்பு வெல்வெட். பெரிய சைஸ்.

இனி எந்தச் சூப்பர்வைசர் வந்தாலும் பிய்வது அவர் நகம்தான்!